புகைப்பழக்கமும் மீண்டும் வரும் இரத்த உறைவும்: முதியோரைப் பற்றிய சான்றுகள் எதுவரை?

புகைப்பிடித்தால் நுரையீரல் கெடும், இதயம் கெடும் என்பதில் இன்று மருத்துவ உலகில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைவதற்கும் புகைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் ஒரே பதிலைத் தருவதில்லை. ஏற்கெனவே ஒருமுறை உறைவு கண்டு தேறிய முதியவருக்கு அது மீண்டும் வரப் புகை வழிவகுக்குமா என்று கேள்வியைச் சுருக்கினால், பதில்கள் மேலும் பிரிகின்றன.

கேள்வி ஏட்டளவில் நிற்பதும் இல்லை. ஆழ்சிரையில் உருவாகும் உறைவு பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதல் உறைவுக்குப் பின் குறைந்தது மூன்று மாதங்களுக்கு உறைவெதிர்ப்பு மருந்து தரப்படுகிறது. அதற்குப் பிறகு நிறுத்துவதா, தொடர்வதா என்பதே சிக்கல். தொடர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம். வயது ஏற ஏற அதுவும் ஏறும். நிறுத்தினால் உறைவு மீளும் அபாயம். வெளிப்படையான தூண்டுதல் எதுவும் இல்லாமல் முதல் உறைவு வந்தவர்களைப் பற்றி 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மருந்தை நிறுத்திய ஓராண்டில் சுமார் 10 விழுக்காட்டினருக்கும், ஐந்தாண்டில் 25 விழுக்காட்டினருக்கும், பத்தாண்டில் 36 விழுக்காட்டினருக்கும் உறைவு மீண்டும் வருவதாகக் கணக்கிட்டது. ஓராண்டு அபாயம் 5 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால் நிறுத்தலாம் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். ஒரு நோயாளி இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்று முடிவு செய்யும்போது அவருடைய புகைப்பழக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுவே.

தமனியும் சிரையும்: பிரிவினையின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ, நுரையீரலில் காணப்படும் அடைப்புகள் பல நேரங்களில் உடலின் வேறிடத்துச் சிரைகளிலிருந்து பெயர்ந்து வந்தவை என்று காட்டினார். இரத்த ஓட்டம் மந்தமாதல், குழாய்ச்சுவர் சேதமடைதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல் என்று உறைவுக்கு மூன்று மூலங்களைக் கூறும் கோட்பாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் துறை இரண்டாகப் பிரிந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் தமனி நோய்கள். கொழுப்பு, இரத்த அழுத்தம், புகை ஆகியவை அவற்றின் காரணிகள். சிரை உறைவு வேறு வகை. அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு, படுத்த படுக்கை, பேறுகாலம், புற்றுநோய் ஆகியவை அதன் காரணிகள். இப்பாகுபாட்டில் புகை தமனிப் பக்கத்தில் வைக்கப்பட்டது. 1951இல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வைப் போன்ற பெரும் முயற்சிகள் நுரையீரல் புற்றுநோயையும் இதயநோயையும் முதன்மையாக நோக்கின. சிரை உறைவு நெடுங்காலம் அவற்றின் ஓரத்திலேயே இருந்தது. 1990களில்தான் இந்தச் சுவரில் விரிசல் விழத் தொடங்கியது.

முதல் நிலைப்பாடு: புகையே ஒரு காரணி

1997இல் அமெரிக்கச் செவிலியர் நலஆய்வு தன் முடிவை வெளியிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், நாளொன்றுக்கு 25 முதல் 34 சிகரெட் புகைத்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு அபாயம் 1.9 மடங்காகவும், 35ம் அதற்கு மேலும் புகைத்தவர்களுக்கு 3.3 மடங்காகவும் இருந்தது. 1999இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து வந்த ஆய்வு, 1913இல் பிறந்த ஆண்களை ஐம்பது வயதிலிருந்து எண்பது வயதுவரை தொடர்ந்தது. நாளுக்கு 15 சிகரெட்டும் அதற்கு மேலும் புகைத்தவர்களுக்கு அபாயம் சுமார் 2.8 மடங்கு. 2009இல் டென்மார்க்கின் பெரும் ஆய்வில் இந்த விகிதம் பெண்களுக்கு 1.52, ஆண்களுக்கு 1.32.

இவற்றையும் மற்றவற்றையும் சேர்த்து 2013இல் வந்த தொகுப்பாய்வு 32 ஆய்வுகளில் ஏறக்குறைய 40 லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டியது. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் இப்போது புகைப்பவர்களுக்கு 1.23 மடங்கு, நிறுத்தியவர்களுக்கு 1.10 மடங்கு. நாளுக்குப் பத்து சிகரெட் கூடும்போது அபாயம் சுமார் 10 விழுக்காடு உயர்ந்தது. அளவு கூடக்கூட விளைவும் கூடுவது, காரண உறவைத் தேடுவோர் முக்கியமாகக் கொள்ளும் அடையாளம்.

உடலியல் விளக்கமும் இதற்குத் துணைநிற்கிறது. புகைப்பவர்களின் இரத்தத்தில் உறைவுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜன் கூடுதலாக இருக்கிறது. இரத்தத் தட்டணுக்கள் எளிதில் தூண்டப்படுகின்றன. குழாயின் உட்சுவர் சேதமடைகிறது. உறைவைக் கரைக்கும் இயல்பான செயல்பாடு குன்றுகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைப் பெருக்குவதால் இரத்தம் தடிக்கிறது. விர்ச்சோவின் மூன்று மூலங்களில் இரண்டை இது நேராகவே தொடுகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், விளைவின் சிறுமை. 1.2 மடங்கு என்பது கணக்கில் வராத பிற வேறுபாடுகளாலும் எளிதில் தோன்றக்கூடிய அளவு. புகைப்பவர்கள் உடல் எடை, உடற்பயிற்சி, வருமானம், உடனிருக்கும் நோய்கள் ஆகியவற்றிலும் புகைக்காதவர்களிலிருந்து வேறுபடுகிறார்கள். புள்ளியியல் திருத்தங்கள் இவ்வேறுபாடுகளை முழுதாக நீக்கிவிட்டன என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் நிலைப்பாடு: தொடர்பே இல்லை

2002இல் அமெரிக்காவில் இரு பெரும் பின்தொடர் ஆய்வுகளை இணைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி எதிர்த்திசையில் நின்றது. ஏறக்குறைய 19,000 பேரைப் பின்தொடர்ந்த அது, உடற்பருமனும் நீரிழிவும் சிரை உறைவோடு தொடர்புடையவை, புகை தொடர்புடையதன்று என்று முடிவு கூறியது. இணைந்த இரண்டில் ஒன்று 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களையே சேர்த்த ஆய்வு என்பதால், முதியோர் பற்றிய நம் கேள்விக்கு இந்த முடிவு தனிக் கவனம் பெறுகிறது.

ஆனால் இதிலும் ஓட்டைகள் உண்டு. இத்தகைய ஆய்வுகளில் புகைப்பழக்கத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டுப் பதிவு செய்துவிட்டு, பின்வரும் ஆண்டுகளுக்கும் அதையே பொருத்துவது வழக்கம். ஐம்பத்தைந்தில் புகைத்தவர் அறுபதில் நிறுத்தியிருக்கலாம். பதிவேட்டில் அவர் கடைசிவரை புகைப்பவராகவே இருப்பார். இப்படிப்பட்ட கலப்பு உண்மையான வேறுபாட்டை மங்கச் செய்யும். மேற்படி ஆய்வுகளில் ஒன்றின் தரவுகளைக் காலப்போக்கில் மாறும் புகைப்பழக்கத்தையும் சேர்த்து மீண்டும் அலசி 2012இல் வெளியிட்டபோது, முன்பு தென்படாத தொடர்பு தென்பட்டது. ஆகவே "இல்லை" என்ற பதிலில் ஒரு பங்கு அளவீட்டு முறையிலிருந்து வந்தது என்று கருத இடமிருக்கிறது.

மூன்றாம் நிலைப்பாடு: நோய்கள் வழியாக வரும் அபாயம்

இவ்விரண்டுக்கும் நடுவே இன்று வலுப்பெற்றிருக்கும் விளக்கம் நார்வேயின் ட்ரோம்சோ நகர ஆய்விலிருந்து 2012இல் தெளிவாக எழுந்தது. அங்கே மிகுதியாகப் புகைத்தவர்களுக்கு அபாயம் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல், புற்றுநோய், அறுவைச் சிகிச்சை போன்ற தூண்டுதலோடு வந்த உறைவுகளில் மட்டுமே காணப்பட்டது. தூண்டுதல் புலப்படாத உறைவுகளில் இல்லை. புற்றுநோயோ மாரடைப்போ வந்தவர்களை அந்தக் கட்டத்திலேயே கணக்கிலிருந்து விலக்கியபோது தொடர்பே மறைந்தது. 2017இல் ஒன்பது ஆய்வுகளின் தனிநபர் தரவுகளை, சுமார் 2,45,000 பேருடையதை, சேர்த்துப் பார்த்தபோதும் அதே வடிவம்: தூண்டப்பட்ட உறைவுக்கு 1.36 மடங்கு, தூண்டுதலற்ற உறைவுக்கு 1.08 மடங்கு. பின்னது தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு.

இதன் தர்க்கம் எளியது. புகை புற்றுநோயைத் தருகிறது. புற்றுநோய் உறைவைத் தருகிறது. பிந்தையதை 1860களிலேயே பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ விவரித்திருந்தார். புகை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைத் தருகிறது. அதில் வரும் அழற்சியும் முடங்கிக் கிடத்தலும் உறைவுக்கு வழி செய்கின்றன. புகைப்பவர் அறுவைச் சிகிச்சை மேசைக்கும் அதிகம் போகிறார்.

இந்த விளக்கமும் முழுமையாகப் பொருந்துவதில்லை. பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பெண்களைக் கொண்ட ஆய்வு 2013இல் வெளியானது. அதில் புகைப்பவர்கள் அதிகமாக அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார்கள் என்பது உறுதிப்பட்டது. ஆனால் அறுவைச் சிகிச்சையே நடக்காத பெண்களிடத்திலும் புகைப்பவர்களின் அபாயம் 1.38 மடங்காக இருந்தது. புகைப்பழக்கத்தோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகளைக் கருவியாகக் கொண்டு காரண உறவைச் சோதிக்கும் முறையும் தெளிவு தரவில்லை. 2020இல் வந்த அத்தகைய பகுப்பாய்வு ஒன்றில் பிரிட்டனின் உயிர்வங்கித் தரவு தொடர்பைக் காட்டியது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் தரவு காட்டவில்லை.

இங்கே ஒரு கருத்துக் குழப்பத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். புகை புற்றுநோய் வழியாக உறைவைத் தருகிறது என்றால், புகை காரணமில்லை என்று பொருளாகாது. வழி சற்றுச் சுற்றானது, அவ்வளவே. புற்றுநோயைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு "தொடர்பில்லை" என்பது, புகை செயல்படும் பாதையையே அடைத்துவிட்டுப் பயணி வரவில்லை என்பது போன்றது. நோய்த்தடுப்பைப் பற்றிப் பேசுபவருக்கு மொத்த விளைவே முக்கியம். எதிரே இருக்கும் நோயாளிக்கு மருந்தை நிறுத்தலாமா என்று எண்ணும் மருத்துவருக்கோ, அவருக்கு இப்போது புற்றுநோய் இல்லை என்று தெரிந்த நிலையில் எஞ்சும் விளைவு மட்டுமே பயன்படும். இரு தரப்பும் ஒரே எண்களை வைத்து வாதிடுவதில் ஒரு பகுதி, இவ்விரு கேள்விகளும் கலந்துபோனதன் விளைவு.

முதல் உறைவிலிருந்து மறு உறைவுக்கு

இதுவரை கண்டவை அனைத்தும் முதல் உறைவைப் பற்றியவை. மறு உறைவுக்கு வரும்போது சான்று சட்டென்று மெலிகிறது. இதற்கு வெளிப்படையான அடையாளம், துறையில் பெயர்பெற்ற மூன்று கணிப்புக் கருவிகள். வியன்னாக் கருவி பாலினம், உறைவின் இடம், டி-டைமர் (உறைவு கரையும்போது இரத்தத்தில் சேரும் புரதத் துணுக்கு) அளவு ஆகிய மூன்றைக் கேட்கிறது. டேஷ் எனப்படும் கருவி டி-டைமர், வயது, பாலினம், ஹார்மோன் மருந்துப் பயன்பாடு ஆகியவற்றைக் கேட்கிறது. பெண்களுக்கான ஹெர்டூ-2, காலின் நிறமாற்றமும் வீக்கமும் சிவப்பும், டி-டைமர், உடற்பருமன், 65 வயது ஆகியவற்றைக் கேட்கிறது. மூன்றிலும் புகைப்பழக்கம் இல்லை.

மறு உறைவுக்குப் புகை பொருட்டல்ல என்று இதிலிருந்து முடிவுகட்டலாமா? அவசரப்படக் கூடாது என்பதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட, ‘ஐந்தாம் காரணி’ என்னும் உறைவுப் புரதத்தின் மரபணு மாற்றம், முதல் உறைவின் அபாயத்தைப் பல மடங்கு உயர்த்தும். ஆனால் மறு உறைவில் அதன் பங்கு ஒன்றரை மடங்கைச் சுற்றியே நிற்கிறது. காரணியின் வலிமை திடீரெனக் குறைந்துவிடுவதில்லை. ஒப்பிடப்படும் மக்கள் மாறிவிடுகிறார்கள். மறு உறைவு ஆய்வில் சேர, ஒருவருக்கு ஏற்கெனவே உறைவு வந்திருக்க வேண்டும். மரபணு மாற்றம் இல்லாமலே உறைவு கண்டவரிடம் வேறு ஏதோ வலுவான, பெரும்பாலும் அறியப்படாத காரணி இருந்திருக்கும். ஆக ஒப்பீடு, காரணி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே நடப்பதில்லை. ஒரு காரணி உள்ளவருக்கும் மற்றொரு காரணி உள்ளவருக்கும் இடையே நடக்கிறது. 2011இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் விரிவாக அலசப்பட்ட இந்தப் பிழை, புகைக்கும் அப்படியே பொருந்தும். முதல் உறைவிலேயே 1.2 மடங்காக இருக்கும் விளைவு, இந்த வடிகட்டலுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாமல் போனால் வியப்பதற்கில்லை.

ஆய்வுகளின் அளவும் ஒரு தடை. ஹெர்டூ-2 கருவி 646 நோயாளிகளின் தரவிலிருந்து உருவானது. நாற்பது லட்சம் பேரைத் திரட்டிக் கண்ட சிறு வேறுபாட்டைச் சில நூறு பேரிடம் எதிர்பார்க்க முடியாது.

முதுமை சேர்க்கும் சிக்கல்

வயது சிரை உறைவின் மிக வலிமையான காரணிகளில் ஒன்று. 2019இல் வந்த பெரும் தொகுப்பொன்றில் பத்தாண்டு வயது கூடும்போது அபாயம் 2.67 மடங்காயிற்று, அதே தரவில் புகைக்கு 1.38 மடங்கு. பேரலைக்குள் சிற்றலையைத் தேடும் வேலை இது. ஆனாலும் முதியோர் ஆய்வுகளில் போதிய அளவு இடம்பெறவில்லை. புகை பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் லைடனின் மெகா ஆய்வு எழுபது வயதோடு நின்றுவிட்டது.

கணிப்புக் கருவிகள் வயதைக் கையாளும் விதமே இந்தக் குறைக்குச் சாட்சி. 68 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹெர்டூ-2 அவருடைய வயதுக்கு ஒரு புள்ளி கூட்டும். வயது அபாயம் என்பது அதன் கணக்கு. டேஷ் கருவியோ ஐம்பதும் அதற்குக் கீழும் ஆனவர்களுக்குத்தான் புள்ளி தரும். இந்தப் பெண்ணுக்கு வயதின் பேரில் எதுவும் இல்லை. டேஷ் கருவியைப் பின்னர் வேறு நோயாளிகளிடம் சோதித்தபோது, 65 வயதைக் கடந்தவர்களில் குறைந்த புள்ளி பெற்றவர்களின் அபாயம்கூட 5 விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டுமே சேர்த்து சுவிட்சர்லாந்தின் ஒன்பது மருத்துவமனைகளில் 2009 முதல் நடந்த ஆய்வில் வியன்னாக் கருவியைச் சோதித்தார்கள். அதிக அபாயமுள்ளவரையும் குறைந்த அபாயமுள்ளவரையும் அது பிரித்துக்காட்டவில்லை. வயதைப் பற்றியே இவ்வளவு குழப்பம் இருக்கும்போது, அதைவிடச் சிறிய காரணியான புகையைப் பற்றி இக்கருவிகளின் மௌனத்துக்கு அதிக எடை தர முடியாது.

மேலும் கடினமானது இறப்பின் குறுக்கீடு. வாழ்நாள் முழுதும் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்பே இறக்கிறார்கள் என்பது பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வின் முடிவு. இறந்தவருக்கு உறைவு மீள வாய்ப்பில்லை. வெறும் கணக்காக ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். புகைக்கும் 100 முதியவர்கள், புகைக்காத 100 முதியவர்கள். உயிரோடிருக்கும் எவருக்கும் ஆண்டுக்கு 5 விழுக்காடு மறு உறைவு அபாயம் என்று இரு குழுவுக்கும் சமமாக வைப்போம். உறைவு மீளும் முன்பே இறப்பவர்கள் புகைப்போரில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, மற்றவர்களில் 4 விழுக்காடு என்று கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் புகைப்போரில் 18 அல்லது 19 பேருக்கு மறு உறைவு வந்திருக்கும்; புகைக்காதோரில் 21 பேருக்கு. அடிப்படை அபாயம் ஒன்றாக இருந்தும், புகை காப்பாற்றுவதுபோல் ஏடு காட்டும். இதைக் கையாளப் புள்ளியியல் முறைகள் உள்ளன. ஆனால் எந்த முறையைத் தேர்ந்தாலும் அது வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. உயிரோடிருப்பவரின் அபாயம் ஒன்று. உயிரிழப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குழுவில் எத்தனை பேருக்கு உறைவு வரும் என்பது வேறொன்று.

இதற்கு முன்பே நடந்துவிட்ட வடிகட்டலும் உண்டு. எழுபத்தைந்து வயதிலும் புகைத்துக்கொண்டு ஆய்வில் சேரும் நிலையில் இருப்பவர், தம் தலைமுறைப் புகைப்போரில் தாக்குப்பிடித்தவர். உடல்நலம் குன்றியதால் புகையை விட்டவர் "நிறுத்தியவர்" பட்டியலில் இருப்பார். இவ்விரு குழுக்களின் ஒப்பீடு புகையின் விளைவைவிட நோயின் விளைவையே அதிகம் காட்டக்கூடும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

புகையை விட்டால் அபாயம் இறங்குமா என்பதிலும் பதில்கள் ஓரளவே ஒத்துப்போகின்றன. டென்மார்க் ஆய்வில் நிறுத்தியவர்களின் அபாயம் என்றுமே புகைக்காதவர்களுடையதற்குச் சமமாக இருந்தது. 2013இன் தொகுப்பாய்வில் சிறிது எஞ்சியிருந்தது. இவையும் முதல் உறைவு பற்றியவையே.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி வார்ஃபரின் என்னும் உறைவெதிர்ப்பு மருந்தை விரைவாகச் சிதைக்கின்றன. புகைப்பவர்களுக்கு அந்த மருந்து சுமார் 12 விழுக்காடு கூடுதலாகத் தேவைப்படுவதாக 2011இன் தொகுப்பாய்வு ஒன்று கண்டது. ஆகவே வார்ஃபரின் எடுக்கும் முதியவர் புகையை நிறுத்தினால் அதே அளவு மருந்தே மிகையாகி இரத்தக்கசிவுக்கு இடம் கொடுக்கலாம். நிறுத்திய வாரங்களில், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை நெருக்கமாகச் செய்ய வேண்டும் என்பதே இதன் பாடம். நிறுத்தத் தயங்க வேண்டும் என்பதல்ல.

பீடி எங்கே?

மேலே கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவை, அளந்தது சிகரெட்டை. இந்தியாவில் 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடி புகைத்தனர். சிகரெட் 4 விழுக்காடு. புகையற்ற புகையிலை 21.4 விழுக்காடு. இறப்பின் குறுக்கீடும் இங்கே வேறு முகம் கொள்கிறது. தமிழ்நாட்டில் சுமார் 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, புகைப்போரிடையே காசநோய் இறப்பு பெருமளவு மிகுந்திருப்பதைக் காட்டியது. ஐரோப்பிய எண்களை அப்படியே எடுத்து நம் முதியோருக்குப் பொருத்துவதற்கு இவை தடையாக நிற்கின்றன.

மதிப்பீடு

சான்றுகளைத் தொகுத்தால் சிலவற்றை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். புகைப்பழக்கம் முதல் சிரை உறைவின் அபாயத்தைச் சற்றே உயர்த்துகிறது. அந்த உயர்வில் கணிசமான பங்கு புற்றுநோய், நுரையீரல் நோய், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின் வழியாக வருகிறது. அவற்றை ஒதுக்கியபின் எஞ்சும் நேரடி விளைவு இருந்தால் அது சிறியது. மறு உறைவைப் பொறுத்தவரை, உறைவெதிர்ப்பு மருந்தைத் தொடரவோ நிறுத்தவோ புகைப்பழக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டும் அளவுக்குச் சான்று இல்லை. முதல் உறைவு தூண்டப்பட்டதா, நோயாளி ஆணா பெண்ணா, இரத்தக்கசிவு அபாயம் எவ்வளவு ஆகியவை அந்த முடிவில் அதைவிட எடை மிக்கவை.

ஆனால் தொடர்பு தென்படாததைத் தொடர்பின்மைக்குச் சான்றாகக் கொள்வதும் சரியாகாது. சிறிய ஆய்வுகள், ஒருமுறை மட்டும் கேட்டுப் பதிந்த பழக்கம், நோயாளிகளை மட்டும் சேர்ப்பதால் வரும் வடிகட்டல், இடையில் குறுக்கிடும் இறப்பு ஆகிய நான்கும் விளைவை மறைக்கும் பக்கமே பெரும்பாலும் சாய்கின்றன. புகையை விடச் சொல்வதற்கு இந்த ஐயம் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த அறிவுரைக்கு மாரடைப்பும் புற்றுநோயும் போதும். புற்றுநோய் குறைந்தால் அதனோடு வரும் உறைவும் குறையும்.

திறந்தே கிடப்பவை மூன்று. எழுபது வயதைக் கடந்தவர்களில், முதல் உறைவுக்குப் பின்னும் புகைப்பழக்கத்தை ஆண்டுதோறும் அளந்து, இறப்பைத் தனியாகக் கணக்கிட்டால் எஞ்சும் விளைவு எவ்வளவு? முதல் உறைவுக்குப் பின் புகையை விட்டவருக்கு மறு உறைவு குறைகிறதா? பீடியும் புகையற்ற புகையிலையும் இதில் எங்கே நிற்கின்றன? முதல் இரண்டுக்கும் ஏற்கெனவே இயங்கும் நோயாளிப் பதிவேடுகளில் சில கேள்விகளைக் கூட்டினாலே விடை தேடத் தொடங்கலாம். மூன்றாவதற்கு இந்தியாவிலேயே புதிதாகப் பதிவேடு தொடங்க வேண்டியிருக்கலாம்.